அரைப்பேர்

இரண்டு பெட்டியிலும் ஒரே ஸ்டிக்கர்.
ஒரே கம்பெனி, ஒரே தலைமுறை, ஒரே எண்.
கடைசி எழுத்து மட்டும் வேற.
அதை யாரும் வாசிப்பதில்லை.
ஜெசிந்தா வாசித்தாள்.
"இது என்னா அண்ணா, பேருக்குப் பின்னால வாலு?"

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே,
மருந்துக் கடையின் மாடியில் என் கடை.
மழை நாளில் வருபவர் பாதிப்பேர்
ஒதுங்க வந்தவர்கள்.
இவள் பென்டிரைவோடு வந்தாள்.
அதற்குள் ஒரு வீடு:
மூன்று மாடி, கண்ணாடிப் படிக்கட்டு,
கார் இரண்டு நிற்கக் கூரை.
கொழும்பில் யாரோ கட்டப்போவதை
ஒன்பதாம் நம்பர் லயத்தில் உட்கார்ந்து
முன்கூட்டியே கட்டிக் காட்டுவது அவள் தொழில்.
பழைய லெப்டொப் போன மாதம் செத்துப்போனதாம்,
சமையலறையின் பாதியில்.

"ரெண்டுலயும் ஓட்டுங்க. பார்ப்போம்."

முதல் நிமிடம் தலைக்குத் தலை.
கோப்பைத் திறப்பதில், வீட்டைச் சுழற்றுவதில்
லெப்டொப் கண்ணிமைக்கும் நேரம்கூடப் பிந்தவில்லை.
அப்போதே விலையைச் சொல்லியிருக்கலாம் நான்.
பிறகுதான் வெளிச்சம் கணக்குப் பார்க்கும் வேலை,
ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு வெயில்.
லெப்டொப் தொண்ணூற்றேழு பாகையைத் தொட்டது.
நாலே முக்கால் கிகாஹேர்ட்ஸிலிருந்து
ரெண்டரைக்கு இறங்கி
இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டது.
விசிறி மட்டும் கத்தியது.
டெஸ்க்டொப் வாயே திறக்கவில்லை.
இருபத்திரண்டு நிமிடம். மற்றது நாற்பத்தொன்று.

"காலை நிறுவையில ரெண்டும் ஒரே கிலோ,
அந்தி நிறுவையிலதான் தெரியுது" என்றாள்.
"இதுக்கு அரைப்பேர்தான் போடுவாங்க."

அரைப்பேர்.
கிலோ குறைந்தால் செக்ரோலில் விழும் பாதி நாள்.
சிலிக்கனுக்கு அதைப் போட்டுக் கேட்டது அன்றுதான்.

நான் லெப்டொப்பின் பக்கம் பேசினேன்.
இரண்டு விரல் கனத்தில் உடம்பு,
சூடு எங்கே போகும்?
அதன் ரேஷன் நாற்பத்தைந்து வாட்,
பெரியது நூற்றெண்பதைக் குடிக்கிறது,
ஒரே பேர் வைத்தவன் மேல்தான் பிழை.
ஜன்னலைத் திறந்தேன். மிஸ்ட் உள்ளே வந்தது.
திரும்ப ஓட்டினோம்: முப்பத்தாறு.
குளிர் கொடுத்த கைமாற்று ஐந்து நிமிடம்.

அவள் நேரத்தைப் பார்க்கவே இல்லை.
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"காம்பராவுல அஞ்சு பேரு படுக்கிறோம்.
அம்மா நாலரைக்கு எழும்பணும்.
ராத்திரி இது இப்படிக் கத்துனா?"

வேகத்தைப் பற்றி எட்டு வருஷமாகப் பேசுகிறேன்.
யார் தூங்குகிறார்கள் என்று
ஒருவரிடமும் கேட்டதில்லை.

"பெரியது கத்தாது. கரண்ட் தாங்குமா?"
"பக்கத்து வீட்டுல கேத்தல் போட்டா
எங்க லைட்டு மங்கும்."

நீலத் திரைக்குள் போய்
நூற்றெண்பதை அறுபத்தைந்தாக வெட்டினேன்.
இருபத்தேழு நிமிடம்.
"மூணுல ஒரு பங்குதான் குடுத்தோம்,
அஞ்சே நிமிஷம்தான் கூட!"
பெருமையாகச் சொன்ன வாய்
பாதியில் நின்றது.
குறைத்துக் கொடு, அநேகமாக முழு வேலையும் வரும்:
எந்தத் தொரை, எந்த பங்களா வாசலில் நின்று
போட்ட கணக்கு இது?

அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.
"மெஷினுக்குச் சரி" என்றாள்.
காசை எண்ணி வைத்தாள், கடைசி ஆயிரம்
இருபது ரூபாய்த் தாள்களாக.

டிக்கோயாப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸில்
பெட்டிக்கும் டிக்கட் கேட்டார் கண்டக்டர்.
வாங்கினாள். ஜன்னலோர சீட்டில் அதை வைத்து
தான் நின்றுகொண்டு போனாள்.

பன்னிரண்டு தாண்டி போன் மினுங்கியது.
கண்ணாடிப் படிக்கட்டு, ஒரு தப்பும் இல்லாமல்,
வெயில் படியிறங்கி வருகிறது.
கீழே ஒரு வரி:
"அண்ணா, யாரும் எழும்பல."